கடல் பார்த்த ரூம்

போன மாசம் அம்மா அப்பாவோட முப்பதாவது கல்யாண நாள். "என்ன வேணும்?"னு அம்மாகிட்ட கேட்டேன். பட்டுப்புடவை, தோடு இப்படி ஏதாவது வரும்னு நினைச்சேன். "ஒரே ஒரு ராத்திரி கடல் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கணும்"னாங்க.

எங்க வீடு இருக்கிறது மஞ்சக்குப்பத்துல. அங்கேருந்து சில்வர் பீச், அதாவது தேவனாம்பட்டினம், ஸ்கூட்டர்ல பத்து நிமிஷம். அம்மா வாழ்க்கையில முக்கால்வாசி இந்த ஊர்லதான். ஆனா ஒரு ராத்திரி கூட கடற்கரையில தங்கினது கிடையாது. சாயங்காலம் போவாங்க, சுண்டல் சாப்பிடுவாங்க, இருட்டினதும் "கிளம்பு கிளம்பு"ன்னு வந்துடுவாங்க. அப்பாகிட்ட சொன்னதும், "வீடு இருக்கிற ஊர்ல எவனாவது காசு கொடுத்து ரூம் போடுவானா?"ன்னு கேட்டார். கேள்வி நியாயம்தான்.

நான் ஆப்பைத் திறந்து வழக்கமான ஃபில்டரெல்லாம் போட்டேன். குடும்பத்தோட தங்கலாம், ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குள்ள, பீச்சுக்குப் பக்கத்துல. வந்தது பூரா பஸ் ஸ்டாண்டைச் சுத்தியும் மஞ்சக்குப்பத்துலயும் இருக்கிற ரூம்ங்க. "பீச்சிலிருந்து 2 கிலோமீட்டர்"னு கீழே சின்ன எழுத்து. அதாவது எங்க வீடு இருக்கிற அதே தூரம்!

அப்போதான் யோசிச்சேன். நம்ம ஊர்ல கடலுக்குப் பக்கத்துல தங்கினது யாரு? எப்போலேருந்து? எதுக்காக? அதைத் தேடப் போய் வந்ததுதான் இந்த எபிசோட்.

முதல்ல அந்த "2 கிலோமீட்டருக்குள்ள"ங்கிற ஃபில்டர். அதை இந்த ஊர்ல முதல் முதலா போட்டது ஒரு பீரங்கி. விளையாட்டுக்குச் சொல்லல. 1690-ல செஞ்சியில இருந்த மராட்டியர்கள்கிட்டேருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்குது. சென்னையில அப்போ எலிஹு யேல் கவர்னர். ஆமா, அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி இருக்கே, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர்தான். கோட்டையோட சேர்த்து எவ்வளவு நிலம்னு முடிவு பண்ண ஒரு முறை வச்சாங்க. கோட்டையில நின்னு பீரங்கியால சுத்தி எல்லாத் திசையிலயும் சுடணும். குண்டு விழுற தூரம் வரைக்கும் உள்ள கிராமமெல்லாம் கம்பெனிக்கு. இவங்க என்ன பண்ணாங்க, சென்னையில இருந்ததுலயே நல்லா தூரம் போற பித்தளை பீரங்கியா பார்த்து இறக்கிட்டாங்க. ரேடியஸை நீ எவ்வளவு வேணா வச்சுக்கோன்னு யூசர்கிட்டயே விட்டா என்ன ஆகும்? அதுதான் ஆச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள்னு பேரு. குண்டு உப்பலவாடின்னு கடலூர்ல ஒரு ஊர் இருக்கே, குண்டு சாலைன்னு ரோடு இருக்கே, அதெல்லாம் இந்தக் குண்டுதான். அந்த வழியா பஸ்ல போறப்ப எத்தனை பேருக்கு இது தோணியிருக்கும்னு தெரியல. எனக்கு இருபத்தாறு வயசு வரைக்கும் தோணல.

அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. கெடிலம் கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல இப்போ மிச்சம் இருக்கிறது இடிபாடு மட்டும்தான். ஆனா ஒரு காலத்துல இதுதான் தலைநகரம். 1746 செப்டம்பர்ல லா போர்தொனே தலைமையில பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சுட்டாங்க. அதிலேருந்து 1752 வரைக்கும் சோழமண்டலக் கரையில ஆங்கிலேயருக்குத் தலைமை இடம் நம்ம தேவனாம்பட்டினம். கடலூர்க்காரனா இதை நான் கொஞ்சம் சத்தமாவே சொல்லிக்கிறேன்.

சரி, இவ்வளவு பெரிய ஆளுங்க, கடலோரக் கோட்டை, கையில காசு. கவர்னர் எங்கே தங்கினார்? கடல் பார்த்த பால்கனியிலயா? இல்ல. கோட்டையிலேருந்து உள்ளே தள்ளி, கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் தூரத்துல, மஞ்சக்குப்பத்துல தோட்டத்துக்கு நடுவுல ஒரு மாளிகை கட்டிக்கிட்டார். அதுதான் கார்டன் ஹவுஸ். 1730-கள்ல கட்டினது. செங்கலும் சுண்ணாம்பும் மட்டும் வச்சே கூரை போட்டிருக்காங்கன்னு பெருமையா சொல்வாங்க. பிற்பாடு தென்னார்க்காடு கலெக்டருக்கு வீடாச்சு. எங்க ஆப் இப்போ எந்த ஏரியாவைக் காட்டுதோ, அன்னிக்கு கவர்னரும் அதே ஏரியாவைத்தான் எடுத்திருக்கார்.

ஏன்னு கேட்டா, அந்தக் காலத்துல கடலைப் பார்த்துத் தூங்கணும்னு யாருக்குமே ஆசை கிடையாது. இதை நம்பறது கஷ்டம், ஏன்னா நமக்கு "சீ வியூ"ன்னாலே கூட ஆயிரம் ரூபாய். ஆனா அன்னிக்கு கடல்னா என்ன? இந்தக் கரையில கப்பல் கட்ட ஒழுங்கான துறைமுகம் இல்ல. பெரிய கப்பலெல்லாம் தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டு வர்றது மசுலா படகு, ஆணி இல்லாம கயிறு போட்டுத் தைச்ச படகு. கடற்கரைங்கிறது வேலை நடக்கிற இடம். சரக்கு ஏத்துற, இறக்குற, நாறுற, ஆள் சாகுற இடம். கடல்ல குளிச்சா உடம்புக்கு நல்லதுன்னு இங்கிலாந்துலயே ரிச்சர்ட் ரஸ்ஸல்ங்கிற டாக்டர் புத்தகம் போட்டதே 1750-லதான். குளிச்சா மட்டும் போதாது, கடல் தண்ணியைக் குடிக்கணும்னும் சொன்னார். அதுக்கப்புறம்தான் பிரைட்டன் மாதிரி ஊர்களுக்கெல்லாம் கூட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே நம்ம ஊர் கவர்னர் தோட்டத்துக்குப் போயிட்டார்.

கடல் என்ன பண்ணும்னு 1749 ஏப்ரல்ல இந்தக் கரை பார்த்துச்சு. ஒரு புயல். அட்மிரல் பாஸ்கவனோட கொடிக் கப்பல் நாமூர், 74 பீரங்கி வச்ச கப்பல், புனித டேவிட் கோட்டைக்குப் பக்கத்துல மூழ்கி ஐந்நூறுக்கும் மேல ஆளுங்க செத்தாங்க. பெம்ப்ரோக்னு இன்னொரு போர்க்கப்பலும் போச்சு. பாஸ்கவன் பிழைச்சார், ஏன்னா அன்னிக்கு அவர் கப்பல்ல இல்ல. கரையில தங்கியிருந்தார்.

கார்டன் ஹவுஸ்ல தங்க வந்த விருந்தாளிகள் கதை ஒண்ணு இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1746 டிசம்பர். சென்னையைப் பிடிச்ச சூட்டோட டூப்ளே புதுச்சேரியிலேருந்து ஒரு படையை அனுப்புறார். ஆயிரத்து எழுநூறு பேர் அளவுக்கு, பெரும்பாலும் ஐரோப்பியர். தளபதி பேரு தெ பியூரி. கோட்டைக்குள்ள ஆங்கிலேயர் தரப்புல சில நூறு பேர்தான். ராத்திரியெல்லாம் நடந்து, தென்பெண்ணை ஆத்தைத் தாண்டி, காலையில கார்டன் ஹவுஸைப் பிடிச்சுட்டாங்க. சண்டை முடிஞ்ச மாதிரிதான். எல்லாருக்கும் பசி, அசதி. துப்பாக்கியை இறக்கி வச்சாங்க, அடுப்பு மூட்டினாங்க. சமையல் நடந்துக்கிட்டு இருக்கு.

அப்போ ஆற்காடு நவாப் அன்வருதீனோட பசங்க ரெண்டு பேர், மாபூஸ் கானும் முகமது அலியும், ஆங்கிலேயருக்கு உதவியா படையோட வந்துட்டாங்க. "வர்றாங்க"ன்னு யாரோ சொன்னதுதான் தாமதம், அத்தனை பேரும் சோத்தைப் போட்டது போட்டபடி ஆத்தைப் பார்த்து ஓட்டம். நிறைய பேர் துப்பாக்கியையே போட்டுட்டு ஓடினாங்க. இதுல வேடிக்கை, சில வாரத்துக்கு முன்னாடிதான் அடையாறுல இதே மாபூஸ் கானோட பெரிய படையை பிரெஞ்சுக்காரங்க ஒரு சின்னப் படையை வச்சு அடிச்சு விரட்டியிருந்தாங்க. சரித்திரப் புத்தகத்துல அடையாறு சண்டை ஒரு அத்தியாயம் வாங்கிடுச்சு. மஞ்சக்குப்பத்துல வேகாம விட்ட சோறுக்கு ஒரு பாரா கூட கிடைக்கல. என்னைக் கேட்டா இதுதான் முக்கியம். அன்னிக்கு அவங்க சாப்பிட்டு முடிச்சு, கோட்டையையும் பிடிச்சிருந்தா இந்தக் கரையில ஆங்கிலேயருக்குக் கால் வைக்க உருப்படியான இடமே இருந்திருக்காது.

1748-ல திரும்பவும் முயற்சி பண்ணாங்க. இந்தத் தடவை ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இருந்தார். லாரன்ஸ் ரோடு ரயில்வே கேட்டுல வெயில்ல நின்னவங்களுக்கு அந்தப் பேர் பழக்கமா இருக்கும். அவர், பகல்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி கடலூர்லேருந்து பீரங்கியையும் ஆளையும் கோட்டைக்கு மாத்தினார். ராத்திரி சத்தமில்லாம திரும்பக் கொண்டு வந்து வச்சுட்டார். காலி ஊர்னு நினைச்சு நடு ராத்திரி வந்தவங்க வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனாங்க.

கிளைவ் பத்தியும் சொல்லணும், இல்லேன்னா நீங்க கேட்பீங்க. "கலெக்டராக இருந்த ராபர்ட் கிளைவ் வாழ்ந்த வீடு"ன்னு கார்டன் ஹவுஸைப் பத்தி நிறைய இடத்துல எழுதியிருக்கும். தப்பு. அப்போ கலெக்டர்னு பதவியே இங்க கிடையாது. சென்னை விழுந்தப்ப மாறுவேஷம் போட்டுத் தப்பிச்சு புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்த சாதாரண குமாஸ்தா அவர். பத்து வருஷம் கழிச்சு, 1756 ஜூன்ல, அதே கோட்டைக்கு துணை கவர்னரா வந்தார். கொஞ்ச நாள்லயே கல்கத்தா கை மாறின சேதி வந்துடுச்சு, வங்காளத்துக்குக் கிளம்பிட்டார். அடுத்த வருஷம் பிளாசி. ஆக, கிளைவ் வீடுன்னு நாம சொல்ற வீட்டுல துணை கவர்னரா அவர் இருந்தது ஒரு லீவுல ஊருக்கு வந்துட்டுப் போற அளவுக்குத்தான். அவர் போன ரெண்டாவது வருஷம், 1758 ஜூன்ல, லாலி கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளிட்டார். கடலுக்குப் பக்கத்துல இருந்த கட்டடம் போச்சு. உள்ளே தள்ளி இருந்த வீடு நிக்குது.

இதெல்லாம் துரைங்க கதை. நம்ம ஆளுங்க எங்கே தங்கினாங்க? சத்திரத்துல. சிதம்பரத்துக்கு ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் போற குடும்பங்க, அதுக்கும் தெற்கே ராமேசுவரம் வரைக்கும் நடக்கிறவங்க, எல்லாருக்கும் வழி நெடுகச் சத்திரம். தஞ்சாவூர் மராட்டியர்கள் கட்டினது நிறைய. இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டுல முத்தம்பாள் பேர்ல கட்டின சத்திரம் 1802-ஆம் வருஷத்தது. சோறு இலவசம், திண்ணை இலவசம். யாருக்கு எந்தத் திண்ணை, யாருக்கு எந்தப் பந்திங்கிறது சாதி முடிவு பண்ணது. அதையும் சொல்லாம விட முடியாது. ஆனா கவனிச்சுப் பாருங்க, சத்திரம் எப்பவும் குளத்தைப் பார்த்து இருக்கும், கோயிலைப் பார்த்து இருக்கும், ரோட்டைப் பார்த்து இருக்கும். காத்து வாங்கறதுக்குன்னு கடலைப் பார்த்துக் கட்டறது வழக்கத்துலயே இல்ல.

மாசி மகம் அன்னிக்கு தேவனாம்பட்டினம் போயிருக்கீங்களா? சுத்துப்பட்டு ஊர்க் கோயில்கள்லேருந்து சாமியெல்லாம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். முழுக்குப் போட்டுட்டு சாமி ஊர்வலமா அவங்கவங்க ஊருக்குத் திரும்பிடும். சாமியே கடற்கரையில ரூம் போடறது இல்ல பாருங்க.

வெள்ளைக்காரன் காலத்துல டிராவலர்ஸ் பங்களா வந்துச்சு, "டி.பி."ன்னு சொல்லுவோமே. அது அதிகாரிகளுக்கு. கடற்கரையை உலாவுற இடமா மாத்தினது அதுக்கும் பிறகு. 1880-கள்ல கவர்னர் கிராண்ட் டஃப் சென்னையில மெரினாவுக்கு அந்தப் பேரை வச்சு நடைபாதை போட்டார். அப்பவும் நடந்துட்டு வீட்டுக்குப் போறதுதான், தங்கறது இல்ல.

காசு கொடுத்தா யார் வேணா குடும்பத்தோட தங்கலாம்ங்கிற இடம் நம்ம பக்கம் வந்தது உடுப்பிக்காரங்க புண்ணியத்துல. 1930-களோட கடைசியில கே. கிருஷ்ண ராவ் ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ் ஆரம்பிச்சார், 1954-ல பூந்தமல்லி ஹைரோட்ல தாசப்பிரகாஷ் வந்துச்சு. சுத்தமான ரூம், சைவச் சாப்பாடு, பொம்பளைங்க பயமில்லாம வரலாம். "ஃபேமிலி"ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. தமிழ்ல இந்த வார்த்தைக்கு ஹோட்டல் போர்டுல தனி அர்த்தம். சாப்பாட்டுக் கடையில ஃபேமிலி ரூம்னா பொம்பளைங்க உட்கார்றதுக்குத் திரை போட்ட இடம். லாட்ஜ்ல ஃபேமிலின்னா "இங்க அந்த மாதிரி ஆளுங்க வர மாட்டாங்க"ன்னு ஒரு சத்தியம். விலையைப் பத்தின வார்த்தை இல்ல, மானத்தைப் பத்தின வார்த்தை. நான் ஃபோன் பண்ணி விசாரிச்சப்ப ஒருத்தர் முதல்ல கேட்டதே "ஃபேமிலிதானே சார்?"னுதான். முப்பது வருஷம் ஆன ஃபேமிலிங்கன்னேன்.

கடலுக்குப் பக்கத்துல நடுத்தரக் குடும்பத்தைத் தங்க வச்சதுல அரசாங்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. 1971-ல தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வந்துச்சு. மாமல்லபுரத்துல, பிச்சாவரத்துலன்னு அவங்க இடங்கள். ஸ்கூல் டீச்சர், பேங்க் கிளார்க், நெய்வேலி சுரங்கத்துல வேலை பார்க்கிறவர், இவங்களெல்லாம் எல்.டி.சி. போட்டுக் குடும்பத்தோட தங்கினது இந்த மாதிரி இடங்கள்லதான். எண்பதுகள்ல எடுத்த குடும்ப ஆல்பம் இருந்தா எடுத்துப் பாருங்க. மஞ்சள் ஜக்கு, இரும்புக் கட்டில், வாசல்ல அப்பா சஃபாரி சூட். அந்த போட்டோ உங்க வீட்டுலயும் இருக்கும்.

நடுத்தர விலைன்னா எவ்வளவுன்னு அரசாங்கமே சொல்லியிருக்கு, ஜி.எஸ்.டி-யில. நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இருக்கிற ரூமுக்கு வரி கிடையாதுன்னு இருந்துச்சு. 2022 ஜூலை 18-லேருந்து அதுக்கும் 12 சதவீதம். 2025 செப்டம்பர்ல 7500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம்னு இறக்கினாங்க. எண்ணூறு ரூபாய் ரூமும் ஏழாயிரம் ரூபாய் ரூமும் இப்போ ஒரே பெட்டிக்குள்ள!

இப்போ நான் மெதுவா சொல்ல வேண்டிய பகுதி.

கடல் பார்த்த ரூம் ஏன் நிறைய இல்லங்கிறதுக்கு ஒரு பதில் சட்டத்துல இருக்கு. 1991 பிப்ரவரி 19-ல வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு. உச்சபட்ச அலை வர்ற கோட்டுலேருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு. கிராமப்புறக் கரையில முதல் 200 மீட்டர்ல புதுசா கட்டவே கூடாது. நகரத்துக்குள்ள வேற கணக்கு, ஏற்கெனவே இருக்கிற ரோட்டுக்கு நிலப்பக்கமா கட்டலாம். 2019-ல மாத்தி எழுதினாங்க. சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல இருக்கிற கிராமக் கரையில அந்த 200 மீட்டர் 50 மீட்டரா சுருங்கிடுச்சு. திரும்பவும் ரேடியஸ். இந்தத் தடவை பீரங்கிக்குப் பதிலா கெஜட்.

1991-க்கும் 2019-க்கும் நடுவுல நடந்தது 2004 டிசம்பர் 26. எனக்கு அப்போ சின்ன வயசு. ஞாயித்துக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கும் மேல இறந்தாங்க. தமிழ்நாட்டுல நாகப்பட்டினத்துக்கும் கன்னியாகுமரிக்கும் அடுத்தபடியா நம்ம மாவட்டம்தான். தேவனாம்பட்டினமும் அடி வாங்குச்சு. மஞ்சக்குப்பத்துல ஜனங்க மூட்டையோட ரோட்டுல ஓடி வந்தது ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுத் திண்ணையில நாலு நாள் ஒரு குடும்பம் இருந்தாங்க.

2005 மார்ச்ல ஒரு அரசாணை வந்துச்சு. 200 மீட்டருக்குள்ள வீடு இழந்தவங்க உள்ளே தள்ளிப் போனா ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்புல இலவசமா புது வீடு. போக மாட்டேன், இங்கயே இருப்பேன்னா உன் செலவுல நீயே சரி பண்ணிக்கோ, அரசாங்க உதவி கிடையாது. பாதுகாப்புக்காகத்தான்னு சொன்னாங்க. அதுல உண்மை இல்லாம இல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயலை நான் பார்த்திருக்கேன், சவுக்கு மரமெல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கிடந்துச்சு, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட போச்சு. ஆனா மீனவங்க அப்போ கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கல. எங்களுக்கு ஆபத்தா இருக்கிற கரை, நாளைக்கு ரிசார்ட்டுக்கு மட்டும் எப்படிப் பத்திரமாகும்? வலை, படகு, இஞ்சின் எல்லாம் கரையில கிடக்க, ஆள் மட்டும் ஒரு கிலோமீட்டர் உள்ளே தூங்கணும்னா எப்படி?

கவர்னர் உள்ளே தள்ளிப் போனார், காசு இருந்துச்சு, அவர் இஷ்டம். கடலைப் பார்த்துத் தூங்கறது யாருக்கும் வேண்டாம்னு இருந்த வரைக்கும் அந்த இடம் மீனவங்களோடதா இருந்துச்சு. நாம எப்போ "சீ வியூ"ன்னு கேட்க ஆரம்பிச்சோமோ, அப்போலேருந்து அந்த மணலுக்கு விலை வந்துடுச்சு. கேட்டதுல நானும் ஒருத்தன். ஃபில்டர் போட்டது நான்தானே.

கடைசியில ரூம் போட்டேன். கடல் தெரியல. மொட்டை மாடியில நின்னா தெரியும்னு ரிசப்ஷன்ல சொன்னார், தண்ணி டேங்குதான் தெரிஞ்சுது. ராத்திரி ஃபேன் சத்தம், பக்கத்து ரூம் குழந்தை அழுகை. அம்மா ஒண்ணும் சொல்லல. காலையில நாலரைக்கே எழுப்பி, "பீச்சுக்குப் போலாம் வா"ன்னாங்க.

தேவனாம்பட்டினத்துல படகெல்லாம் திரும்பிக்கிட்டு இருந்துச்சு. ஏலம் நடந்துக்கிட்டு இருந்த இடத்துல ஒரு அக்காகிட்ட அம்மா பேச்சுக் கொடுத்தாங்க. முன்னாடி வீடு இதோ, அந்த மேட்டுக்குப் பக்கத்துலன்னு அவங்க கை காட்டினாங்க. இப்போ சுனாமி குடியிருப்புல. விடிகாலையில ஷேர் ஆட்டோ பிடிச்சு வர்றாங்களாம். "போன புதுசுல ஒரு வருஷம் தூக்கமே வரலம்மா. அலைச் சத்தம் இல்லாம என்னவோ காது அடைச்ச மாதிரி இருந்துச்சு"ன்னாங்க.

அம்மா கொஞ்ச நேரம் அந்த மேட்டையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் ஒரு கிலோ சங்கரா வாங்கினாங்க. "ரூம்ல எங்கே சமைப்ப?"ன்னு அப்பா கேட்டார்.

"வீடு பக்கத்துலதானே இருக்கு. போய் ஃபிரிட்ஜ்ல வச்சுட்டு வாங்க. செக்-அவுட் பன்னெண்டு மணிக்குத்தானே?"